அளந்தால் பரக்கத் போய்விடுமா?



நமக்கு உணவளித்து, அதனை ஜீரணிக்கும் ஆற்றலையும் அளித்த அல்லாஹ்வுக்கே புகழனைத்தும். ஸலாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான நபி முஹம்மத் (ஸல்) அவர்கள் மீதும், அன்னாரின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!

திருகோணமலைத் துறைமுகத்தை அண்டிய எமது பகுதியில், ஓர் அஸர் தொழுகைக்குப் பின்னர் இளைஞர் ஒருவர் என்னருகே வந்து அமர்ந்தார். அவருடைய வாப்பா நெடுங்காலம் துறைமுகத்தில் மூடை சுமந்தவர். சீனி வருத்தத்தினால் காலில் வந்த புண் ஆறாமல், ஒரு விரலையே அகற்ற வேண்டியதாயிற்று. சோற்றை அளவோடு உண்ணுமாறு வைத்தியர் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். மகன் ஓர் அளவுக் கோப்பையை வாங்கி வந்திருக்கிறார். உம்மாவோ அதனை எடுத்து அலுமாரியின் மேல் வைத்துவிட்டார். "சோற்றை அளந்தால் வீட்டில் பரக்கத் போய்விடும் என்று உம்மா சொல்கிறார். ஆயிஷா நாயகியின் ஹதீஸே இருக்கிறதாம். உண்மையா மௌலவி?" என்று கேட்டார்.

உண்மைதான். அந்த உம்மா ஆதாரமின்றிப் பேசவில்லை. நபி (ஸல்) அவர்கள் வபாத்தானபோது வீட்டின் தட்டில் சிறிதளவு வாற்கோதுமை மாத்திரமே இருந்தது. அதிலிருந்து நீண்ட நாட்கள் உண்டுவந்தேன். பின்னர் அதனை அளந்தேன், அது தீர்ந்துவிட்டது என்று அன்னை ஆயிஷா (ரழி) அவர்கள் அறிவித்த செய்தி புகாரி, முஸ்லிம் இரண்டிலும் பதிவாகியுள்ளது. ஆனால் அதே ஸஹீஹுல் புகாரியில், வியாபாரம் பற்றிய பாடத்தில், மிக்தாம் இப்னு மஃதீ கரிப் (ரழி) அவர்களின் அறிவிப்பும் இருக்கிறது. உணவை அளந்துகொள்ளுமாறும், அதனால் பரக்கத் அருளப்படும் என்றும் நபியவர்கள் கூறியதை அது தெரிவிக்கிறது.

ஒன்று அளந்ததால் தீர்ந்தது என்கிறது. மற்றையது அளந்தால் பரக்கத் என்கிறது. இவை ஒன்றுக்கொன்று முரணா? ஸஹீஹுல் புகாரிக்கு விரிவுரை எழுதிய இமாம் இப்னு ஹஜர் அல்அஸ்கலானி (ரஹ்) அவர்கள் (வபாத் ஹிஜ்ரி 852) இதனை ஆராய்ந்து, அறிஞர்களின் இணக்கத்தை எடுத்துரைக்கிறார்கள். வாங்கும்போதும், குடும்பத்தின் தேவைக்கென ஒதுக்கும்போதும் அளப்பது ஏவப்பட்டது. இன்னும் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று மனம் பதைத்து, கை இறுகிப்போய் அளப்பதே பரக்கத்தைப் போக்கும். எனவே அளக்கும் பாத்திரத்தில் குற்றமில்லை. அளக்கும் உள்ளத்தின் எண்ணத்தைத்தான் பார்க்க வேண்டும். நோயாளியான கணவருக்காக அளக்கும் மனைவி கஞ்சத்தனம் செய்யவில்லை. அவர் ஓர் அமானிதத்தைக் காக்கிறார்.

இன்னொரு செய்தியையும் கவனியுங்கள். மனிதன் நிரப்பும் பாத்திரங்களில் வயிற்றைவிடத் தீயது வேறில்லை, முதுகை நிமிர்த்தச் சில கவளங்களே போதும், அதற்கு மேலும் உண்பதானால் மூன்றில் ஒரு பங்கு உணவுக்கும், ஒரு பங்கு பானத்துக்கும், ஒரு பங்கு மூச்சுக்கும் என்ற கருத்தில் அமைந்த பிரபலமான ஹதீஸ் திர்மிதியில் உள்ளது. அதனை அறிவித்தவரும் இதே மிக்தாம் (ரழி) அவர்கள்தாம்! பானையில் அளக்கச் சொன்னதையும், வயிற்றில் அளக்கச் சொன்னதையும் ஒரே ஸஹாபியின் வாயிலாக இந்த உம்மத் பெற்றுக்கொண்டிருக்கிறது.

நாம் அளவை அறியாத சமுதாயமல்லவே! பெருநாள் வந்தால் ஸகாத்துல் பித்ராவை ஒரு ஸாஉ என்று, ஏறத்தாழ இரண்டரைக் கிலோ அரிசியைத் தராசில் நிறுத்துக் கொடுக்கிறோம். ஒரு ஸாஉ என்பது நான்கு முத்து. ஒரு முத்து என்பது நடுத்தர மனிதர் ஒருவர் இரு கைகளையும் சேர்த்து அள்ளும் அளவு. ஒரு முத்து நீரில் வுழூச் செய்து காட்டிய தூதரைப் பின்பற்றும் நாம், நமது பீங்கானுக்கு முன்னால் மாத்திரம் அளவை மறந்துவிடுகிறோம்.

பெற்றோர்களே! எமது ஊரில் இதற்கொரு காரணமும் உண்டு. மூடை சுமந்தவர்களும், கொட்டியாரக் குடாவில் வலை இழுத்தவர்களும் மலைபோல் சோறு உண்டார்கள். மாலைக்குள் அது வியர்வையாகிவிட்டது. இன்று அவர்களுடைய பிள்ளைகள் முச்சக்கரவண்டியிலும், கடையிலும், கந்தோர்க் கதிரையிலும் அமர்ந்திருக்கிறார்கள். உழைப்பு மாறிவிட்டது; பீங்கானின் மலை மாறவில்லை. இரவானதும் அதன்மேல் கொத்து ரொட்டி வேறு! சீனக்குடா மா ஆலைக்குக் கோதுமைக் கப்பல்கள் வருவதைப் பார்த்து வளர்ந்த நமக்கு, மாவும் ஈற்றில் சீனியாகவே இரத்தத்தில் சேர்கிறது என்பது எளிதில் நினைவுக்கு வருவதில்லை. 2018, 2019ஆம் ஆண்டுகளில் இலங்கை முழுவதும் நடைபெற்ற ஆய்வொன்று, வளர்ந்தவர்களில் 100க்கு 23 பேருக்கு நீரிழிவு இருப்பதாகக் கண்டது. மேலும் 30 பேர் அதன் வாசலில் நின்றார்கள்.

அப்படியானால் எப்படி அளப்பது? தராசு வேண்டியதில்லை. அரிசி களையும்போதே சுண்டால் அளந்து போடுங்கள். ஒரு சுண்டு அரிசி வெந்தால் ஏறத்தாழ மும்மடங்காகும். பானையில் மிகுதி இருந்தால், "இன்னும் ஒரு கரண்டி" என்று உம்மாவின் கை தானாக நீளும். அது பாசத்தின் இயல்பு. பீங்கானில் பாதியை மரக்கறிக்கும் கீரைக்கும் கொடுங்கள். காற்பங்கு மீனுக்கோ பருப்புக்கோ, காற்பங்கு சோற்றுக்கு. நம் கடலில் சாளைக்கும் சூரைக்கும் குறைவில்லை. பெரும்பாலான வீடுகளில் குறைவாக இருப்பது கீரைதான்.

இளைஞர்களே! நீங்கள் வாப்பாவின் சோற்றை அளக்கிறீர்கள். உங்கள் போத்தலை அளந்தீர்களா? ஒரு நாளுக்கு 25 கிராம், அதாவது ஆறு தேக்கரண்டி அளவுக்குள் சீனியைக் குறைப்பது நலம் என 2015இல் உலக சுகாதார நிறுவனம் கூறியது. இரண்டு கரண்டி வீதம் மூன்று தேநீர் குடித்தாலே அந்தக் கணக்கு முடிந்துவிடும். 2016இல் நம் நாட்டில் மென்பானங்களுக்கு நிற அடையாளம் கொண்டுவரப்பட்டபோது, 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி உள்ளவற்றுக்குச் சிவப்பு நிறம் விதிக்கப்பட்டது. இந்தக் கணக்கை அறிந்துகொண்டு போத்தலைத் திறவுங்கள்.

ஓர் எச்சரிக்கை. இன்சுலின் ஏற்றுபவரும் மாத்திரை எடுப்பவரும் தம் எண்ணத்துக்குச் சோற்றைத் திடீரெனக் குறைத்தால் இரத்தத்தில் சீனி ஆபத்தான அளவுக்கு இறங்கக்கூடும். கிளினிக்கில் கேட்டே குறைக்க வேண்டும். ரமழான் நோன்புக்கு முன்னரும் அவ்வாறே.

விருந்துக்குப் போனால்? சஹனில் ஆறு பேர் சுற்றியிருந்து உண்ணும்போது யார் எவ்வளவு உண்டார் என்று எண்ண முடியாது, எண்ணவும் கூடாது. சிறுவராயிருந்த உமர் இப்னு அபீஸலமா (ரழி) அவர்களின் கை தட்டெங்கும் அலைந்தபோது, அருகிலிருப்பதை உண்ணுமாறு நபியவர்கள் கற்றுக்கொடுத்தார்கள். உங்கள் பக்கம் உங்கள் அளவு. விருந்தாளியின் கவளத்தை எண்ணுவதுதான் அன்னை ஆயிஷா (ரழி) அவர்களின் ஹதீஸ் நமக்கு அச்சமூட்டும் இடம்.

அந்த இளைஞரிடம் இவ்வளவையும் கூறிவிட்டு, "அளவுக் கோப்பையை உம்மாவின் கையிலேயே கொடுங்கள், அளப்பவர் அவராகவே இருக்கட்டும்" என்றேன். சில வாரங்களின் பின் மீண்டும் வந்தார். உம்மா கோப்பையைத் தொடவேயில்லையாம். ஆனால் பழைய பால்பேணி ஒன்றைக் கழுவி அரிசி வாளிக்குள் போட்டிருக்கிறார். பிஸ்மில்லாஹ் சொல்லி அதனால் அளக்கிறார். முன்னர் போட்ட அளவுக்கும் இப்போது போடும் அளவுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பிடியரிசியாக வேறு பாத்திரத்தில் சேர்த்து, அடுத்த வீட்டு விதவைத் தாய்க்குக் கொடுத்து வருகிறார். வாப்பா மாத்திரம் இன்னும் முணுமுணுக்கிறாராம்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மதுல்லாஹி வபரகாத்துஹு.