படிக்கும் பிள்ளையும் கைக்காசும்

(சாதாரண தரப் பரீட்சை எழுதிய, உயர்தரத்தில் படிக்கும் தோட்டப் பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் சங்கம் நடத்திய ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

ஞாயிற்றுக்கிழமைக் கைக்காசுக் கொழுந்தை விட்டுவிட்டு வந்திருக்கும் அம்மாமாருக்கு முதலில் நன்றி சொல்ல வேண்டும். இந்த இரண்டு மணித்தியாலத்தில் நீங்கள் எத்தனை கிலோ எடுத்திருப்பீர்கள் என்பது எங்களுக்கும் தெரியும். அதனால் நீட்டி முழக்காமல் விசயத்துக்கு வருகிறோம்.

போன தவணை உயர்தர வகுப்பில் ஒரு கேள்வி கேட்டோம். "இந்த மாதத்தில் ஏதாவது உழைத்தவர்கள் கை தூக்குங்கள்" என்றோம். பாதி வகுப்புக்கு மேல் கை தூக்கியது. ஞாயிற்றுக்கிழமை அம்மாவோடு கைக்காசுக்குப் போனவர்கள், நாட்டுப்பக்கம் மரக்கறித் தோட்டத்துக்குப் போனவர்கள், திருவிழாவுக்கு ஸ்பீக்கர் பெட்டி தூக்கியவர்கள், டவுன் கடையில் சனிக்கிழமை நின்றவர்கள் எல்லோரும் அதில் இருந்தார்கள். எதற்கு அந்தக் காசு என்று கேட்டால் பஸ் காசு, கிளாஸ் காசு, சப்பாத்து, போனுக்கு டேட்டா என்று பதில் வந்தது. ஒரு தங்கச்சி மட்டும் பேசாமல் நின்றாள். பிறகு தனியாக வந்து, அப்பாவின் மருந்துக்கு என்று சொன்னாள்.

ஆகவே படிக்கிற பிள்ளை உழைக்கலாமா கூடாதா என்று இங்கே பட்டிமன்றம் நடத்துவதில் பயனில்லை. பிள்ளைகள் ஏற்கெனவே உழைக்கிறார்கள். அந்த உழைப்பு படிப்பைத் தின்கிறதா, படிப்போடு சேர்ந்து ஓடுகிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும். அதை மனக்கணக்கில் பார்க்க முடியாது, கொப்பியில் எழுதித்தான் பார்க்க வேண்டும். ஒரு உதாரணம் சொல்கிறோம்.

சில வருடங்களுக்கு முன் எங்கள் பாடசாலையில் ஒரு தம்பி படித்தான். பெயர் வேண்டாம். வீட்டில் அம்மா சுடும் முறுக்கைப் பைக்கற்றில் அடைத்து லயத்திலும் பாடசாலை வாசலிலும் விற்றான். கெட்டிக்காரன். நாங்கள் அவனைக் காலைக் கூட்டத்தில் முன்னால் அழைத்து, கை தட்டச் சொல்லிப் பாராட்டினோம். "இவனைப் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள்" என்றும் சொன்னோம். அடுத்த தவணையில் அவன் வரவு குறைந்தது. அதற்கடுத்த தவணையில் அவன் வரவே இல்லை. பரீட்சைக்கு ஏழு மாதம் இருக்கும்போது கொழும்பில் ஒரு கடைக்குப் போய்விட்டான். இன்றைக்கும் அங்கேதான் நிற்கிறான், வீட்டுக்கு ஒழுங்காகக் காசு அனுப்புகிறான். அவனைக் குறை சொல்ல எங்களுக்கு வாயில்லை. ஆனால் அவன் கணக்குக் கொப்பியை அப்போதே வாங்கிப் பார்க்காமல் கை தட்டினோமே, அது எங்கள் பிழை.

அந்தக் கொப்பியைப் பிறகுதான் பார்த்தோம். ஒரு வாரக் கணக்கு இப்படி இருந்தது. மா, எண்ணெய், எள்ளு, பை எல்லாம் சேர்த்துச் செலவு 1,450 ரூபா. 50 ரூபாப் பைக்கற்று 44 போட்டிருக்கிறான். விற்பனை 2,200 ரூபா. இலாபம் 750 ரூபா என்று எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டிருந்தான்.

இந்தக் கணக்கில் எதெல்லாம் இல்லை என்று பாருங்கள். ஆறு பைக்கற்று கடனுக்குப் போயிருக்கிறது, 300 ரூபா. அது மாமி வீடு, சித்தப்பா வீடு. அங்கே போய் எப்படிக் கேட்பது? சம்பளத்துக்குத் தருகிறேன் என்பார்கள், சம்பளம் வந்ததும் கடைக்கடனுக்குப் போய்விடும். ஆக மிச்சம் 450. அடுப்புக்கு விறகு எங்கிருந்து வந்தது? அப்பா மலையிலிருந்து தலையில் சுமந்து வந்தது, அதற்கு விலை போடவில்லை. அம்மா கொழுந்து மடுவத்தில் இருந்து வந்து, இரவுச் சோறும் ஆக்கிவிட்டு, இரண்டு இரவு முறுக்குப் பிழிந்திருக்கிறார், ஐந்து மணித்தியாலம். பைக்கற்று அடைக்கவும் விற்கவும் தம்பிக்கு நான்கு மணித்தியாலம். ஒன்பது மணித்தியாலத்துக்கு 450 ரூபா என்றால் ஒரு மணித்தியாலத்துக்கு 50 ரூபா. 2024 இல் வர்த்தமானியில் வந்த 1,350 ரூபா நாட்சம்பளத்தை எட்டு மணித்தியாலத்தால் வகுத்துப் பாருங்கள், 168 ரூபா 75 சதம் வரும். அந்தச் சம்பளமே காணாது என்றுதான் நாம் ரோட்டில் இறங்கினோம். அதில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாக அம்மாவும் மகனும் வேலை செய்திருக்கிறார்கள், அதற்கு நாங்கள் கை தட்டியிருக்கிறோம்.

நிறை குறைந்தால் அரைப்பேர் போடும்போது எவ்வளவு கோபம் வருகிறது நமக்கு! வீட்டுக்குள் அம்மாவுக்கு அரைப்பேர்கூடப் போடாமல் இலாபம் என்று எழுதுகிறோம். அம்மாமார் சிரிக்கிறீர்கள். சிரிக்கும் விசயமில்லை இது.

முறுக்கு வியாபாரமே கூடாது என்று இதற்குப் பொருளில்லை. அதே முறுக்கைச் சம்பள வாரத்திலும் தீபாவளி, பொங்கல், தேர்த் திருவிழாவிலும் மட்டும் போட்டு, கைக்காசுக்கு மட்டும் விற்று, அம்மாவின் மணித்தியாலத்துக்கு முதலில் காசை எடுத்து வைத்தால் கணக்கு மாறும். சும்மா நாளில் லயத்தில் காசு இருக்காது, அப்போது விற்றால் கடன்தான். அந்தத் தம்பிக்கு இதைச் சொல்ல ஒருவரும் இருக்கவில்லை.

இப்போது எது சரிவரும் என்று பார்ப்போம். எங்கள் கண்ணுக்கு முதலில் நிற்பது சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுப்பது. தரம் மூன்று, நான்கு, ஐந்து படிக்கும் பிள்ளைகள் ஒவ்வொரு லயத்திலும் இருக்கிறார்கள். புலமைப்பரிசில் பரீட்சைக்கு டவுனுக்கு அனுப்பப் பலருக்கு வசதியில்லை. உயர்தரம் படிக்கும் ஒரு பிள்ளை கிழமையில் இரண்டு நாள், ஒன்றரை மணித்தியாலம் வைத்துச் சொல்லிக் கொடுக்கலாம். பன்னிரண்டு பிள்ளைகள், மாதம் 400 ரூபா என்று வைப்போம். பன்னிரண்டு வீட்டிலும் காசு வராது, நான்கு வீட்டில் வராது என்று முதலிலேயே எழுதிவிடுங்கள். அந்தப் பிள்ளைகளை வெளியே அனுப்பவும் கூடாது, அது நம் லயத்துப் பிள்ளை. எட்டு வீட்டுக் காசு 3,200. சொல்லிக் கொடுக்கும் நேரம் மாதம் 12 மணித்தியாலம், கொப்பி திருத்தவும் ஆயத்தம் செய்யவும் இன்னொரு நான்கு. ஆக மணித்தியாலத்துக்கு 200 ரூபா. முதல் என்று போடுவது ஒரு பெட்டி சோக்குக் கட்டி. பின்னம் சொல்லிக் கொடுக்கிற பிள்ளைக்குத் தன் பின்னம் மறக்காது என்பதும் உண்டு, அதைக் காசில் எழுத முடியாது.

இடம்தான் பிரச்சினை. ஒரு காம்பராவில் ஆறு பேர் இருக்கும் வீட்டில் இஸ்தோப்பில் வகுப்பு வைக்க முடியாது, மழை நாளில் வேறு சொல்லவே வேண்டாம். பிள்ளைக்காம்பரா பின்னேரத்தில் சும்மாதான் கிடக்கிறது. கோயில் மண்டபமும் இருக்கிறது. தோட்டத் தலைவர்மார் இங்கே முன்வரிசையில் இருக்கிறீர்கள். நிர்வாகத்திடமும் கோயில் கமிட்டியிடமும் பேசி அந்த இரண்டு மணித்தியாலத்தை வாங்கித் தருவது உங்கள் வேலை.

இரண்டாவது, தமிழ் தட்டச்சு. தவணைப் பரீட்சை வினாத்தாள்களை எங்களைப் போன்ற ஆசிரியர்கள் டவுனில் பக்கத்துக்கு இவ்வளவு என்று கொடுத்துத்தான் அடிப்பிக்கிறோம். கல்யாணக் கார்டு, அந்தியேட்டி நோட்டிஸ், திருவிழா நோட்டிஸ் எல்லாம் இருக்கிறது. பாமினியும் யுனிகோடும் இரண்டும் பிழையில்லாமல் அடிக்கத் தெரிந்த பிள்ளையைத் தேடி வேலை வரும். சிங்களமும் சேர்ந்து தெரிந்தால் இன்னும் நல்லது. கம்பியூட்டர் இல்லை என்பீர்கள். தகவல் தொழினுட்பம் படிக்கும் பிள்ளைகள் பாடசாலை ஆய்வுகூடத்தில் விரல் பழகலாம், அது படிப்புத்தான். வேலை வர ஆரம்பித்த பிறகு டவுன் கடையில் மணித்தியாலக் கணக்குக்கு மெசினை எடுக்கலாம். முதல் மாதமே கம்பியூட்டர் வாங்க வேண்டும் என்று நிற்காதீர்கள்.

காளான், கோழி, மரக்கறி பற்றிக் கேட்கிறார்கள். காளானுக்கு மரத்தூள், தவிடு, பையை அவிக்க ஒரு பீப்பாய், ஈரமாக இருக்கும் ஒரு கொட்டகை வேண்டும். செய்யக்கூடிய தொழில்தான். ஆனால் கொட்டகையை எந்த நிலத்தில் போடுவது? இருநூறு வருடமாக இந்த மலையில் இருக்கிறோம், எட்டடி கொட்டகை போடவும் துரையிடம் கேட்க வேண்டியிருக்கிறது. வாய்ப்பேச்சில் "போடு" என்பார்கள், ஆள் மாறி வந்தால் பிரித்துப் போடு என்பார்கள். கொட்டகை போடும் தொழிலுக்கு எழுத்தில் அனுமதி வாங்காமல் ஒரு சதமும் இறக்க வேண்டாம். கடிதம் எழுதித் தருவதற்குச் சங்கக் காரியாலயம் இருக்கிறது. காணி உரிமைக்காக நாம் கத்துவது வீட்டுக்காக மட்டுமில்லை, இதற்காகவும்தான்.

மருந்தடிக்கும் வேலைக்கு எந்தப் பிள்ளையும் போகக்கூடாது. நாட்டுப்பக்கத்தில் கூடக் காசு கொடுக்கிறார்கள் என்று தெரியும், அதில் எங்களோடு பேரம் பேச வேண்டாம்.

கடை வேலைக்குப் போகிற தம்பிமாருக்குச் சட்டம் கொஞ்சம் சொல்ல வேண்டும். வேலைக்கு வைக்கும் ஆகக்குறைந்த வயதை 2021 ஆம் ஆண்டுத் திருத்தம் 14 இலிருந்து 16 ஆக உயர்த்தியது. சாதாரண தரம் எழுதிவிட்டு உயர்தரம் தொடங்கும் வரை கிடைக்கும் மாதங்களிலும், உயர்தரம் எழுதிவிட்டுப் பல்கலைக்கழக அனுமதிக்குக் காத்திருக்கும் காலத்திலும் வேலைக்குப் போவதை நாங்கள் தடுக்கவில்லை. அதுதான் உழைக்கச் சரியான காலம். ஆனால் நாட்டின் ஆகக்குறைந்த வேதனம் 2026 சனவரியிலிருந்து மாதம் 30,000 ரூபா, நாளுக்கு 1,200 ரூபா. சாப்பாடும் படுக்கையும் தருகிறோம் என்று சொல்லி இதற்குக் கீழே பேச முடியாது. ஊழியர் சேமலாப நிதிக்கு உங்கள் சம்பளத்தில் 8 வீதம் கழித்தால் முதலாளி 12 வீதம் போட வேண்டும், நம்பிக்கை நிதிக்கு இன்னும் 3 வீதம். தற்காலிக வேலை, மூன்று மாத வேலை என்பதெல்லாம் சாட்டு, முதல் நாளிலிருந்தே உரிமை உண்டு. போகும்போது கடையின் பெயர், முகவரி, வேலைக்குச் சேர்ந்த திகதி, பேசிய சம்பளம் நான்கையும் ஒரு தாளில் எழுதி வீட்டில் ஒன்று, எங்களிடம் ஒன்று கொடுத்துவிட்டுப் போங்கள். தகராறு வந்தால் அந்தத் தாள்தான் நம் கையில் இருக்கும்.

பல்கலைக்கழகத்துக்குத் தெரிவான பிள்ளைகள் மகாபொலவுக்கு ஒழுங்காக விண்ணப்பியுங்கள். 2025 வரவு செலவுத் திட்டத்தில் அதை மாதம் 5,000 இலிருந்து 7,500 ரூபாவாக உயர்த்தினார்கள். படிவத்தில் ஒரு கையெழுத்து விட்டுப்போய் அதை இழந்துவிட்டு, பிறகு ராத்திரி வேலை தேடக்கூடாது.

கடைசியாகக் காசு போகும் வழிகள். வட்ஸ்அப்பில் "வீட்டிலிருந்தே நாளுக்கு ஐயாயிரம்" என்று வருகிறது. முதலில் ஒரு சின்னத் தொகை உண்மையாகவே போட்டுக் காட்டுவார்கள், அடுத்தது நீங்கள் கட்டச் சொல்வார்கள், அதற்கடுத்தது உங்கள் கீழே மூன்று பேரைச் சேர்க்கச் சொல்வார்கள். இது பிரமிட். வங்கித்தொழில் சட்டத்தின் 83இ பிரிவு இதைத் தடை செய்கிறது. சேர்த்துவிட்டவரும் சட்டத்தில் மாட்டுவார். நம் இடத்தில் சேர்த்துவிடுவது யாரை? அக்காவை, மச்சானை, பக்கத்துக் காம்பராவை. காசு போனால் லயத்தில் முகம் காட்ட முடியாது. இன்னொன்றும் நடக்கிறது. "உன் வங்கிக் கணக்கைக் கொஞ்சம் தா, காசு வரும், எடுத்துக் கொடு, உனக்குக் கமிசன்" என்று கேட்கிறார்கள். அது யாரிடமோ ஏமாற்றிய காசு, பொலிஸ் தேடி வருவது கணக்குக்காரனைத்தான். வங்கி அட்டையையும் அடையாள அட்டைப் பிரதியையும் ஒருவருக்கும் கொடுக்காதீர்கள்.

அம்மாவின் பெயரில் குழுக்கடன் எடுத்துத் தையல் மெசினோ கம்பியூட்டரோ வாங்கித் தொழில் தொடங்கவே கூடாது. வாரக் கிழமைக்குக் கட்டுக்காசு கேட்டு ஆள் வாசலில் நிற்கும்போது எந்தப் பிள்ளைக்கும் பாடம் ஏறாது. கட்டாவிட்டால் குழுவில் இருக்கும் மற்ற அம்மாமார் தலையில் விழும். பிள்ளையின் தொழிலுக்கு முதல், பிள்ளையே சேர்த்த காசாக இருக்கட்டும். அது சிறிதாகத்தான் இருக்கும், பரவாயில்லை. நட்டம் வந்தாலும் சிறிதாகவே வரும்.

உயர்தரம் எழுதும் பிள்ளைகளுக்கு ஒரு நிபந்தனை வைக்கிறோம். கிழமையில் ஆறு மணித்தியாலத்துக்கு மேல் போகிற எந்தத் தொழிலும் வேண்டாம், பரீட்சைக்கு நான்கு மாதம் இருக்கும்போது எல்லாவற்றையும் நிறுத்த வேண்டும். ஆறு என்பது எந்தச் சட்டத்திலும் இல்லை, வகுப்பில் பிள்ளைகளைப் பார்த்து நாங்கள் போட்ட கணக்கு. பெற்றோர்கள் இதில் எங்களோடு நிற்க வேண்டும். பிள்ளை கொண்டுவரும் முதல் 500 ரூபாவை வாங்கும்போது சந்தோசம்தான், ஆனால் அடுத்த கிழமை அதை எதிர்பார்க்கத் தொடங்கினால் அந்தப் பிள்ளை வகுப்புக்குத் திரும்பாது.

கதவருகில் 40 பக்கக் கொப்பி அடுக்கி வைத்திருக்கிறோம், போகும்போது ஆளுக்கொன்று எடுங்கள். ஒரு பக்கத்தில் வரவு, மறுபக்கத்தில் செலவு, அடியில் மணித்தியாலம். அம்மாவின் மணித்தியாலத்தைத் தனி வரியில் எழுதுங்கள். அடுத்த சம்பளத்துக்குப் பிறகு வரும் ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்குச் சங்கக் காரியாலயத்தில் இருப்போம். கொப்பியைக் கொண்டு வாருங்கள், உட்கார்ந்து பார்ப்போம்.