வருவாய் குறைந்தால் வாய் திறவுங்கள்



2015-ஆம் ஆண்டு டிசம்பர்த் தொடக்கத்தில் அடையாறு கரை புரண்டபோது, எங்கள் பொழிச்சலூரிலும் வெள்ளம் புகுந்தது. எங்கள் தெருவில் ஒருவர் சிறிய லேத் பட்டறை வைத்திருந்தார். இயந்திரங்கள் சேற்றில் மூழ்கின, வருவாய் நின்றது. அவர் மகள் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு மாணவி. முந்திய ஆண்டு வருமானம் அதிகம் என்று, ஜூலையிலேயே அவளுக்கு உபகாரச் சம்பளம் மறுக்கப்பட்டிருந்தது. படிப்பை நிறுத்திவிட அவள் முடிவு செய்துவிட்டாள்.

"மறுபடி போய்க் கேட்டால் பிச்சை கேட்பதுபோல் இராதா, மாமா?" என்றாள் என்னிடம்.

இராது. அலுவலகம் காகிதத்தைப் பார்த்தே முடிவு செய்கிறது. ஜூலையில் உண்மையாயிருந்த கணக்கு ஜனவரியில் உண்மையன்று. அதைத் திருத்தச் சொல்வது இரத்தல் ஆகுமா?

செய்ய வேண்டியவை மூன்று. முதலாவது, புதிய வருமானச் சான்றிதழ். இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால், கிராம நிர்வாக அலுவலரும் வருவாய் ஆய்வாளரும் விசாரித்த பின் அது கிடைக்கும். வேலை போனதற்கான கடிதம், வங்கிக் கணக்குப் புத்தகம் போன்ற சான்றுகளை விசாரணையின்போது காட்டுங்கள்.

இரண்டாவது, ஒரு பக்க விண்ணப்பம். முன்பு வருமானம் எவ்வளவு, என்று என்ன நேர்ந்தது, இன்று எவ்வளவு, கோருவது என்ன என்ற நான்கும் போதும். புலம்பல் வேண்டாம், தேதியும் தொகையும் பேசட்டும். நகலில் பெற்றுக்கொண்டதற்கான கையொப்பம் வாங்குங்கள்.

மூன்றாவது, கேட்கும் இடம் அறிதல். ஆதிதிராவிட மாணவர்க்கான மத்திய அரசின் கல்வி உதவித்தொகைக்கு ஆண்டு வருமான வரம்பு 2,50,000 ரூபாய். கல்லூரி முதல்வர் விரும்பினாலும் அதைத் தளர்த்த இயலாது. ஆனால் கல்லூரியின் சொந்த நிதி, பழைய மாணவர் நிதி, கட்டணத்தைத் தவணையில் செலுத்தும் சலுகை ஆகியவை அவர் கையில் இருக்கக்கூடும். ஒரு கதவு மூடியிருந்தால் அடுத்ததைத் தட்டுங்கள்; கட்டணக் கெடு முடியுமுன் தட்டுங்கள்.

அந்தப் பெண்ணின் விண்ணப்பத்தில் தந்தையும் கையெழுத்திட வேண்டியிருந்தது. "இன்றைய வருமானம்" என்னும் இடத்தில் "இல்லை" என்று எழுத அவர் வெகுநேரம் தயங்கினார். பிறகு தம் கையாலேயே எழுதினார். பாதிக் கட்டணம் பழைய மாணவர் நிதியிலிருந்து வந்தது. மீதியை மூன்று தவணைகளில் கட்டினார்கள். அவள் பட்டம் பெற்றாள்.

வறுமை திடீரென வருவது எவர் குற்றமும் அன்று. அதை மறைத்துப் படிப்பை இழப்பதே பிழை.