சிறு செலவில் சீரான வீடு: பிடோக்கில் கண்ட பாடம்

(தோட்டக் கிளைச் சங்கத்தின் குடும்பக் கூட்டத்தில், ஆபீஸ் கிராணியான நமது கமிட்டி அங்கத்தினர் ஒருவர் நிகழ்த்திய உரை)

 

போன கூட்டத்தின் முடிவில் ஒரு தாய் எழுந்து, "தம்பி, இந்த வருஷம் போனசு வந்தால் வீட்டுக்கு முன்னால் தகரச் சார்ப்பு இறக்கலாமா, வேண்டாமா?" என்று கேட்டார். அன்று நேரமாகிவிட்டது. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் இன்று உங்கள் முன் நிற்கிறேன். நான் வீடு கட்டும் நிபுணன் அல்லன். செக்ரோல் எழுதும் கிராணி. பட்டதையும் கண்டதையும் மட்டுமே சொல்வேன்.

முதலில் பட்டது. நான் பிறந்தது வேறொரு தோட்டத்து லயத்தில். என் தகப்பனார் பால்வெட்டுத் தொழிலாளி. மழை வந்தால் எங்கள் சமையற்கட்டு ஒழுகும். தகப்பனார் சொல்லிச் சொல்லிப் பார்த்தார், ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் அம்மாவின் சங்கிலியை அடகு வைத்துப் புதுத் தகரம் போட்டார். வெடித்துக் கிடந்த தரையைச் சிமெண்டுப் பூசிச் சரி செய்தார். முன்னால் ஒரு சார்ப்பும் இறக்கினார். லயத்திலேயே எங்கள் வீடுதான் அழகு என்று எல்லோரும் சொன்னார்கள்.

மூன்றாவது வருஷம் தோட்டம் கைமாறியது. வீட்டைக் காலி செய்யச் சொன்னார்கள். தகரத்தைக் கழற்றக் கூடாது, அது கட்டிடத்தோடு சேர்ந்தது என்றார்கள். சிமெண்டுத் தரையைப் பாய் போலச் சுருட்டிக்கொண்டு போக முடியுமா? லாரியில் ஏறும்போது அம்மாவிடம் இருந்தவை ஒரு கறிவேப்பிலைத் தொட்டி, நான்கு முருங்கைப் போத்து, துணியில் முடிந்த வெண்டை விதை. சங்கிலி மூழ்கிப் போனது. முருங்கை மட்டும் இன்றும் என் வீட்டுப் பின்புறம் காய்க்கிறது.

இதன் பாடம் எனக்கு அன்று விளங்கவில்லை. பல வருஷம் கழித்துச் சிங்கப்பூரில், பிடோக்கில்தான் விளங்கியது. என் அக்காள் அங்கே வாழ்க்கைப்பட்டவள். லீவு கிடைத்தால் ஜோகூர் பாலம் தாண்டிப் போய் இரண்டு நாள் தங்கி வருவேன்.

பிடோக் என்றதும் நம் பெரியவர்களுக்குக் கம்பமும் தென்னந்தோப்பும் கடற்கரையும் நினைவுக்கு வரும். 1966ஆம் ஆண்டில் அந்தக் கிழக்குக் கரையில் கடலைத் தூர்க்கத் தொடங்கினார்கள். பிடோக், சிக்லாப் பக்கத்து மேடுகளை வெட்டி, அந்த மண்ணைக் கடலில் கொட்டினார்கள். 1970களில் அங்கே அடுக்குமாடிகள் எழுந்தன. முற்றத்தில் வாழை வைத்து வாழ்ந்த சனங்கள் மாடிக்கு ஏறினார்கள். மாடியில் மண் ஏது? ஆனாலும் இன்றைக்கு அந்த நடைவழிகளில் நடந்து பாருங்கள். தொட்டிச் செடி இல்லாத தளம் அபூர்வம். சீனர் வீட்டு வாசலில் ஒரு செடி, மலாய்க்காரர் வாசலில் பாண்டான், நம்மவர் வாசலில் துளசியும் கறிவேப்பிலையும்.

அக்காள் வீடு பழைய மூவறை வீடு. அதாவது ஒரு கூடம், இரண்டு படுக்கையறை. குடிபோன புதிதில் தட்டுமுட்டுச் சாமான்களால் மூச்சு முட்டும். அவள் பெரிய செலவொன்றும் செய்யவில்லை. முதல் வாரம் வீட்டிலிருந்த வேண்டாத பொருளையெல்லாம் வெளியேற்றினாள். அந்தச் செலவில்லாத வேலையே வீட்டைப் பாதி பெரிதாக்கிவிட்டது. பிறகு புருஷனும் அவளுமாகச் சேர்ந்து வெளிர் நிறச் சாயம் அடித்தார்கள். பழைய சேலையில் திரை தைத்தாள். யாரோ வேண்டாமென்று கொடுத்த மர அலமாரியைத் தேய்த்துச் சாயம் பூசி, கூடத்தையும் பிள்ளைகள் படிக்கும் இடத்தையும் பிரிக்க நிறுத்தினாள். தேக்காவில் ஒரு கறிவேப்பிலைக் கன்று வாங்கி வாசலில் வைத்தாள். அதைப் பார்த்தபோது எனக்கு அம்மாவின் லாரிப் பயணம் ஞாபகம் வந்தது.

அங்கே செடி வைக்கவும் ஒழுங்கு உண்டு. நடைவழியில் 1.2 மீட்டர் அகலம் எப்போதும் காலியாக இருக்க வேண்டும். தீப்பிடித்தால் சனங்கள் ஓட வேண்டுமல்லவா? கைப்பிடிச் சுவரின் மேல் தொட்டி வைக்கக் கூடாது. விழுந்தால் கீழே போகிறவர் உயிர் போய்விடும். தொட்டித் தட்டில் நீர் தேங்கக் கூடாது. டெங்கிக் கொசுவுக்கு முட்டையிலிருந்து பறக்கும் வரை ஒரு வாரம் போதும். இந்த மூன்றாவது விதி நமக்கும் உரியது. நம் லயத்துப் பின்னால் கிடக்கும் பழைய மங்கையும் டயரையும் இன்றைக்கே கவிழ்த்து வையுங்கள்.

இப்போது சங்கத்துக்காரர் கவனிக்க வேண்டிய விஷயத்துக்கு வருகிறேன். அந்த வீடுகளில் காலப்போக்கில் கூரைச் சிமெண்டு உதிர்கிறது. கழிவுக் குழாய் கெடுகிறது. அதற்கெல்லாம் அக்காள் சங்கிலியை அடகு வைக்கவில்லை. 2007ஆம் ஆண்டில் சிங்கப்பூர் அரசாங்கம் பழைய வீடுகளுக்காக ஒரு சீரமைப்புத் திட்டம் கொண்டுவந்தது. அதன்படி குடிமக்களின் வீடுகளில் உதிரும் சிமெண்டு, கழிவுக் குழாய் போன்ற அவசிய வேலைகளுக்கு முழுச் செலவும் அரசாங்கத்துடையது. குளியலறையைப் புதுப்பிப்பது போன்ற விருப்ப வேலைகளுக்கு வீட்டுக்காரரும் பங்கு கொடுக்க வேண்டும். மூவறை வீட்டுக்கு அது 5 விழுக்காடு. ஆனால் அந்த வேலை சும்மா வந்துவிடாது. அந்தக் கட்டிடத்தில் தகுதியுள்ள குடும்பங்களில் நூற்றுக்கு 75 சம்மதித்து வாக்களித்தால்தான் தொடங்கும். ஒரு வீடு தனியாகக் கேட்டுப் பயனில்லை. கட்டிடமே சேர்ந்து கை தூக்க வேண்டும். தோழர்களே, இதற்கு நம் ஊரில் என்ன பெயர்? சங்கம் என்று பெயர்!

அங்கே வீடு அவர்களுடையது. 99 வருஷக் குத்தகை. இங்கே வீடு தோட்டத்துடையது. அப்படியானால் நமக்குச் சட்டம் இல்லையா? உண்டு. 1990ஆம் ஆண்டின் தொழிலாளர் வீட்டு வசதிச் சட்டம், 446ஆம் சட்டம், நம் மலேசியாவில் இருக்கிறது. தொழிலாளிக்கு வீடு கொடுத்த முதலாளி அந்தக் கட்டிடத்தைப் பழுது பார்த்து நல்ல நிலையில் வைக்க வேண்டும், குழாய்த் தண்ணீர் இலவசமாகக் கொடுக்க வேண்டும் என்று அது சொல்கிறது. அனுமதியில்லாமல் கட்டிடத்தை நீட்டவோ மாற்றவோ கூடாது என்றும் சொல்கிறது. ஆகவே அந்தத் தாய்க்கு என் பதில் இதுதான். அம்மா, போனசுப் பணத்தில் சார்ப்பு இறக்காதீர்கள். அனுமதி இல்லாவிட்டால் பிடுங்கச் சொல்வார்கள். அனுமதி இருந்தாலும் போகும்போது அது உங்களோடு வராது.

கையோடு வரக்கூடியதற்குக் கைக்காசைச் செலவிடுங்கள். கட்டிடத்தோடு நிற்பதை நிர்வாகத்திடம் எழுதிக் கேளுங்கள். எழுதி என்கிறேன், வாயால் அல்ல. தேதி போட்டு, வீட்டு நம்பர் போட்டு, ஒழுகும் இடத்தைப் படம் பிடித்து, ஒரு நகலைக் கிளைச் செயலாளரிடம் கொடுங்கள். ஒருவர் கடிதம் மேசையில் தூங்கும். இருபது வீட்டுக் கடிதம் ஒரே நாளில் போனால் மேசைக்கே தூக்கம் வராது. அப்போதும் நடக்காவிட்டால் தொழிலாளர் இலாகா இருக்கிறது. என் தகப்பனாருக்கு எழுதிக் கொடுக்க அன்று ஆள் இல்லை. இன்று உங்களுக்கு நான் இருக்கிறேன். எந்த ஞாயிற்றுக்கிழமையும் வாருங்கள்.

ஆனால் ஒன்று. கூரை நிர்வாகத்தினுடையது; குப்பை நம்முடையது. வாசலைப் பெருக்கவும் மூலையில் குவிந்ததை அகற்றவும் துரையின் உத்தரவு வேண்டாம்.

தோட்டம் போடுவதைப் பற்றிச் சொல்லி முடிக்கிறேன். 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், குடும்பமுள்ள இந்தியத் தொழிலாளிக்கு ஓர் ஏக்கரில் பதினாறில் ஒரு பங்கு நிலத்தைப் பயிரிட ஒதுக்கச் சொன்னது. ஏறத்தாழ 2,700 சதுர அடி. சிங்கப்பூரிலோ 2016 முதல் பூங்காக்களில் வாடகைப் பாத்தி கொடுக்கிறார்கள். இரண்டரை மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம். வருஷத்துக்கு 57 சிங்கப்பூர் வெள்ளி, வரி தனி. நம் பாட்டன்மாருக்குச் சட்டம் சொன்ன நிலத்தில் அது நூற்றில் ஒரு பங்கு! அதற்கும் ஆட்கள் முந்துகிறார்கள். 2020ஆம் ஆண்டில் கொரோனா வந்தபோது, விரும்பிக் கேட்ட 4 லட்சத்துக்கு மேற்பட்ட வீடுகளுக்கு அந்த அரசாங்கம் காய்கறி விதை அனுப்பியது. நம் லயத்துக்குப் பின்னால் அதைவிடப் பெரிய இடம் லாலான் முளைத்துக் கிடக்கிறது.

பெரிய முதல் வேண்டாம். அடியில் துளை போட்ட பழைய வாளி, சாணமும் காய்ந்த இலையும் கலந்த மண், அரிசி கழுவிய தண்ணீர். கங்கோங் விதைத்தால் ஒரு மாதத்துக்குள் அறுக்கலாம். வேரோடு பிடுங்காமல் அடி விட்டு வெட்டினால் மறுபடி துளிர்க்கும். வெண்டை, மிளகாய், சிறுகீரைக்கு நல்ல வெயில் வேண்டும். பாண்டானும் கற்பூரவள்ளியும் பாதி நிழலிலும் வளரும். முருங்கைக்கு ஒரு போத்துப் போதும். ஆனால் ஒரு எச்சரிக்கை: களைக்கொல்லி மருந்து வந்த டின்னிலும், பாலுக்கு ஊற்றும் ஆசிட் வந்த டின்னிலும் கீரை போடாதீர்கள். எத்தனை தடவை கழுவினாலும் வேண்டாம். குழந்தை வாயில் போகிற பொருள்.

கன்று சிறிது என்று எண்ணாதீர்கள். நமக்குச் சோறு போடும் பால்மரமே 1877ஆம் ஆண்டில் லண்டன் கியூ தோட்டத்திலிருந்து சிங்கப்பூர்ப் பூந்தோட்டத்துக்கு 22 கன்றுகளாக வந்து இறங்கியதுதான். அந்த மரங்கள் யாருக்கோ சொந்தமாயின. அவற்றை வெட்டியது நம் கை. இனி நாம் வைக்கும் கன்றாவது நம்முடையதாக இருக்கட்டும். தொட்டியில் வையுங்கள், விதை எடுத்து முடிந்து வையுங்கள், பிள்ளைகளுக்குக் கற்றுக் கொடுங்கள். லாரி வந்து நின்றாலும் அவை நம்மோடு ஏறும்.

கூரைக்கான கடிதங்களை அடுத்த ஞாயிறு எழுதத் தொடங்குவோம். பேனா என்னுடையது, கையெழுத்து உங்களுடையது.