நம் கையில் இருக்க வேண்டிய கார்டு

தோட்டத்து வீடுகளில் தகரப் பெட்டியின் அடியில் துணி சுற்றி வைத்திருப்பது நகையாகத்தான் இருக்கும் என்று எண்ண வேண்டாம். பல வீடுகளில் அது பாட்டியின் பழைய ஐ.சி. அதை ஏன் அப்படிப் பொத்தி வைத்தார்கள் என்று பார்ப்போம்.

1948ஆம் ஆண்டில் மலாயாவில் அவசரகாலம் பிறந்தது. பன்னிரண்டு வயதைத் தாண்டியவர்களைப் படம் பிடித்து, பெருவிரல் ரேகை வாங்கி, அடையாளக் கார்டு கொடுத்தார்கள். காட்டிலிருந்து வந்தவர்களோ அதைப் பிடுங்கிக் கிழித்தார்கள். கார்டு இருந்தாலும் பயம், இல்லாவிட்டாலும் பயம்.

சுதந்திரத்திற்குப் பின் கார்டின் நிறமே பேசத் தொடங்கியது. குடியுரிமை பெற்றவருக்கு நீலம், நிரந்தரவாசிக்குச் சிவப்பு. "இங்கேதானே இருக்கிறோம், மனுப் போட்டு என்ன ஆகப் போகிறது?" என்று இருந்துவிட்டவர்கள் நம்மில் ஏராளம். பாரம் எழுதித் தரவும் ஆள் இல்லை. 1968இல் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. மறு ஆண்டு முதல், குடியுரிமை இல்லாதவர் பெர்மிட் இல்லாமல் வேலை செய்ய முடியவில்லை. சுமார் 60,000 இந்தியத் தொழிலாளர்கள் நாடு திரும்பியதாகக் கணக்கு. பினாங்குத் துறைமுகத்தில் ராஜூலா கப்பல் ஏறி நாகப்பட்டினம் போனவர்கள் உண்டு. குடும்பங்கள் கடலுக்கு இரு கரையிலுமாகப் பிரிந்தன.

2001 முதல் மைகார்டு வந்திருக்கிறது. அதிலுள்ள 12 இலக்கங்களில் முதல் ஆறும் பிறந்த தேதி. அடுத்த இரண்டும் பிறந்த இடம், பினாங்குக்கு 07. கடைசி இலக்கம் ஒற்றைப்படையானால் ஆண், இரட்டைப்படையானால் பெண். எண்ணைச் சொன்னாலே பாதி வரலாறு தெரிந்துவிடுகிறது! அதனால் கேட்டவருக்கெல்லாம் சொல்லக் கூடாது.

சரி, கார்டைக் கேட்க யாருக்கு அதிகாரம்? பதிவு அதிகாரி, போலீஸ், சுங்க அதிகாரி, காவல் பணியிலுள்ள இராணுவத்தினர், அனுமதி பெற்ற அரசாங்க அதிகாரிகள். வாசலில் நிற்கும் ஜாகாவுக்கு அதை வாங்கி வைத்துக்கொள்ள உரிமை இல்லை. வட்டிக்குக் கொடுப்பவருக்கும் இல்லை. தக்க காரணமின்றிப் பிறர் கார்டை வைத்திருப்பதே குற்றம்.

எங்கள் மாணவன் ஒருவனுக்குப் பன்னிரண்டு வயதானது. அவனுக்கு முதல் மைகார்டு எடுக்க வேண்டும். உடன் போக வேண்டிய தந்தையின் கார்டோ கடனுக்கு ஈடாக வேறொருவர் மேசையில் கிடந்தது. கேட்கவே அவர் கூச்சப்பட்டார். நாங்கள் இரண்டு ஆசிரியர்கள் துணைக்குப் போனோம். கடன் வேறு, கார்டு வேறு என்று சொன்னதும் தந்துவிட்டார்கள்.

நகல் கேட்டால், எழுத்தை மறைக்காமல், படத்தின் குறுக்கே இரண்டு கோடு போட்டு, எதற்காகத் தருகிறோம் என்று எழுதிக் கொடுக்கலாம். தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் 2010இல் இயற்றப்பட்டு 2013இல் அமலுக்கு வந்தது. கடை, வங்கி, கம்பெனி எல்லாம் அதற்குக் கட்டுப்பட்டவை. மத்திய, மாநில அரசாங்கங்களை மட்டும் அது கட்டுப்படுத்தாது. நம்மைப் பற்றி மிக அதிகம் தெரிந்து வைத்திருப்பது அரசாங்கம்தானே? எங்களுக்கு இது பெரிய குறையாகவே படுகிறது.

இவ்வாண்டு பன்னிரண்டு வயதாகும் பிள்ளை வீட்டில் இருந்தால், பிறப்புப் பத்திரத்தை இன்றிரவே தேடி எடுத்து வையுங்கள். பாரம் புரியாவிட்டால் பள்ளிக்கு வாருங்கள்.