கேட்டால்தான் நிலைக்கும்: மும்பைக் குழந்தைகளும் அரசின் கடமையும்



மாநகராட்சித் தமிழ்ப் பள்ளி ஒன்றில் வாழ்நாள் முழுவதும் பாடம் சொன்ன ஓர் ஆசிரியரின் நினைவாக நிறுவப்பட்ட அறக்கட்டளையின் சொற்பொழிவுக்காக இன்று கூடியிருக்கிறோம். ஏழைக் குழந்தைகளுக்கு அரசு செய்ய வேண்டியதை எப்படிக் கேட்டுப் பெறுவது, பெற்றதை எப்படிக் காப்பது என்பதே இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள்.

இரண்டு மாநிலங்கள், ஒரு முட்டை

தமிழ்நாட்டில் 1982 ஜூலை 1 அன்று எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார். 1989-ல் கலைஞர் ஆட்சியில் அந்தச் சாப்பாட்டோடு இரண்டு வாரத்துக்கு ஒரு முட்டை சேர்ந்தது. 1998-ல் அது வாரத்துக்கு ஒன்றானது. 2010-ல் வாரத்துக்கு ஐந்தானது. இடையில் ஆட்சிகள் மாறி மாறி வந்தன. வந்தவர் யாரும் முட்டையைக் குறைக்கத் துணியவில்லை. 2022 செப்டம்பரில் காலை உணவும் சேர்ந்தது.

நாம் வாழும் மகாராஷ்டிரத்தில் 2023 நவம்பரில் பள்ளிச் சாப்பாட்டோடு வாரம் ஒரு முட்டை தர அரசு ஆணையிட்டது. முட்டை சாப்பிடாத பிள்ளைக்கு வாழைப்பழம். 2025 ஜனவரியில் அதற்கான நிதியை அரசு நிறுத்திக்கொண்டது. பதினான்கு மாதத்தில் கதை முடிந்தது.

மகாராஷ்டிரம் பணமில்லாத மாநிலமா? இந்தியாவின் நிதித் தலைநகரமே இங்குதான் இருக்கிறது. தமிழ்நாட்டில் முட்டையை நிறுத்தினால் ஊருக்கு ஊர் தாய்மார்கள் கேள்வி கேட்பார்கள் என்பது எல்லாக் கட்சிகளுக்கும் தெரியும். இங்கே அந்த முட்டை வந்தபோது வரவேற்கவும் ஆளில்லை, போனபோது ஏன் என்று கேட்கவும் போதிய குரல் எழவில்லை. ஒரு நல்ல திட்டத்துக்கு ஆயுள் தருவது அரசாணை மட்டுமன்று. அதைத் தன் உரிமையாக எண்ணிக் காவல் நிற்கும் மக்கள்தான். நான் இன்று சொல்ல வந்தது இது ஒன்றுதான்.

தோற்ற மசோதாவும் திறந்த பள்ளியும்

இந்த நகரத்துக்கு இது புதிய பாடமல்ல. 1911-ல் கோபாலகிருஷ்ண கோகலே கட்டாயத் தொடக்கக் கல்விக்கான மசோதாவைப் பேரரசின் சட்ட மன்றத்தில் கொண்டுவந்தார். 1912 மார்ச்சில் 38-க்கு 13 என்ற வாக்குகளில் அது தோற்றது. பணமில்லை, காலம் கனியவில்லை என்பவைதாம் அன்று சொல்லப்பட்ட காரணங்கள். இன்றும் குழந்தைகளுக்காக ஒன்றைக் கேட்டால் அதே இரண்டு பதில்கள்தாம் முதலில் வருகின்றன.

கோகலே 1915-ல் மறைந்தார். ஆனால் கேள்வி மறையவில்லை. விட்டல்பாய் படேல் அதே கோரிக்கையைப் பம்பாய்ச் சட்ட மன்றத்தில் எழுப்பினார். நகராட்சிகள் கட்டாயக் கல்வியைக் கொண்டுவர 1918-ல் சட்டம் வழிவிட்டது. 1925-ல் பம்பாய் மாநகராட்சி அதை முதலில் எஃப், ஜி வார்டுகளில் நடைமுறைப்படுத்தியது. ஆலைத் தொழிலாளர்கள் நிறைந்த வார்டுகள் அவை. இன்றைய எஃப் வடக்கு வார்டில் மாட்டுங்காவும் சயானும் இருக்கின்றன. ஜி வடக்கு வார்டில் தாராவி இருக்கிறது. நாம் நிற்கும் மண்ணிலேயே அந்தச் சோதனை நடந்தது.

மாட்டுங்கா தமிழர்கள் 1932-ல் சவுத் இந்தியன் எஜுகேஷன் சொசைட்டியைத் தொடங்கித் தங்கள் பிள்ளைகளுக்குப் பள்ளி கட்டிக்கொண்டார்கள். பாராட்டத்தக்க உழைப்பு அது. ஆனால் சங்கம் கூட்டவும் நிதி திரட்டவும் வசதி இருந்தவர்கள் அவர்கள். திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து தோல் பதனிடும் கூடங்களில் வேலை பார்த்த தாராவித் தமிழர்களுக்கு அந்த வசதி இல்லை. அவர்களில் பலர் சாதியின் கொடுமையிலிருந்தும் தப்பி வந்தவர்கள். அவர்கள் பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்தது பெரும்பாலும் மாநகராட்சிப் பள்ளிதான். நடந்து போகும் தூரத்தில் இருக்கும் இரண்டு பேட்டைகளில், ஒன்றுக்கு நன்கொடை போதுமானதாக இருந்தது. மற்றதற்கு அரசின் கடமை தேவைப்பட்டது.

தாராவியிலிருந்து நாடு கற்றது

1975 அக்டோபர் 2 அன்று ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் நாடு முழுவதும் 33 இடங்களில் தொடங்கியது. அந்த 33-ல் ஒன்று தாராவி. நாம் பால்வாடி என்று கூப்பிடும் அங்கன்வாடிகளின் முதல் வரிசையில் நம் பேட்டை இருந்தது.

2001-ல் உணவு உரிமை வழக்கை மக்கள் சிவில் உரிமைக் கழகம் உச்ச நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனது. அதில் 2006 டிசம்பர் 13 அன்று வந்த ஆணையை ஒவ்வொரு தாயும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். ஆறு வயதுக்குட்பட்ட 40 குழந்தைகள் இருந்தும் அங்கன்வாடி இல்லாத குடியிருப்பு கேட்டால், மூன்று மாதத்துக்குள் அரசு அமைத்துத் தர வேண்டும். இந்த ஆணைக்கு உயிர் வருவது அங்குள்ள மக்கள் மனு எழுதிக் கேட்கும்போதுதான். கேட்காத குடியிருப்புக்கு அது வெறும் தாள்.

சயான் மருத்துவமனையையும் சொல்லியாக வேண்டும். குறைமாதக் குழந்தைகளுக்காக ஆசியாவின் முதல் தாய்ப்பால் வங்கியை 1989-ல் அங்கே தொடங்கியவர் டாக்டர் ஆர்மிடா பெர்னாண்டஸ். பிழைத்து வீடு திரும்பும் குழந்தை குடிசையில் மீண்டும் மெலிவதைக் கண்ட அனுபவம் அவரை மருத்துவமனைக்கு வெளியே கொண்டுவந்தது. அப்படித்தான் 1999-ல் ஸ்நேகா அமைப்பு பிறந்தது. அந்த அமைப்பு அங்கன்வாடிகளோடு கைகோத்துத் தாராவியில் வீடுவீடாகச் சென்று குழந்தைகளை எடைபோட்டது, சிகிச்சைக்கு வழிகாட்டியது. உயரத்துக்கேற்ற எடை இல்லாத குழந்தைகளின் பங்கு அப்பகுதிகளில் 18 விழுக்காட்டிலிருந்து 13 விழுக்காடாகக் குறைந்ததாக 2018-ல் வெளியான ஆய்வு காட்டியது. அரசின் அமைப்பு ஏற்கெனவே இருந்ததால்தான் இது முடிந்தது. அந்த அமைப்பின் மேல் அக்கறையும் கண்காணிப்பும் சேர்ந்தபோது பலன் கிடைத்தது.

இப்போது கேட்க வேண்டியவை

முதலாவது, காசு. அங்கன்வாடிக் குழந்தைக்கு நாளொன்றுக்கு 500 கலோரியும் 12 முதல் 15 கிராம் புரதமும் தர வேண்டும் என்பது 2017-ல் விதியாக இருந்தது. அதற்காக அந்த ஆண்டில் ஒரு குழந்தைக்கு நாளொன்றுக்கு நிர்ணயித்த தொகை 8 ரூபாய். அடுப்பு மூட்டும் எந்தப் பெண்ணும் அந்தக் கணக்கின் போதாமையைச் சொல்லிவிடுவார். விலைவாசி ஏறும்போது இந்தத் தொகையும் தானாக ஏற வேண்டும். அரசு ஊழியருக்கு அகவிலைப்படி இருப்பதுபோல் குழந்தையின் தட்டுக்கும் ஒரு ஏற்பாடு வேண்டும்.

இரண்டாவது, அந்தத் தட்டை வைக்கும் கை. 2023 டிசம்பர் தொடக்கத்திலிருந்து 2024 ஜனவரி இறுதிவரை மகாராஷ்டிர அங்கன்வாடிப் பணியாளர்கள் ஊதியத்துக்காக வேலைநிறுத்தம் செய்தார்கள். இவர்களுக்குப் பணிக்கொடை உரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2022 ஏப்ரலில் தீர்ப்பளித்திருக்கிறது. நம் பிள்ளையை எடைபோட்டு, பாட்டுச் சொல்லிக்கொடுத்து, சோறு போடும் அந்த டீச்சருக்குத் தொண்டர் என்ற பெயரும் மதிப்பூதியமும் போதாது. அவர்கள் போராட்டத்தில் பெற்றோரும் அவர்கள் பக்கத்தில் நிற்க வேண்டும்.

மூன்றாவது, இடம். தாராவி மறுசீரமைப்புத் திட்டம் நம் வாசலுக்கு வந்துவிட்டது. யாருக்கு எத்தனை சதுர அடி, குடியேறியது 2000-க்கு முன்பா பின்பா என்பதே எல்லார் வாயிலும். அது வாழ்வாதாரக் கேள்வி, பேசத்தான் வேண்டும். ஆனால் குழந்தைக்கு வெயிலும் காற்றும் எங்கே என்று கேட்டோமா? செம்பூரை அடுத்த கோவண்டி, மான்குர்டு மறுவாழ்வுக் குடியிருப்புகளில் டாக்டர்ஸ் ஃபார் யூ அமைப்பு நடத்திய ஆய்வு, நெருக்கி நெருக்கிக் கட்டிய கட்டடங்களில் வெளிச்சமும் காற்றும் இல்லாததைக் காசநோயோடு தொடர்புபடுத்திக் காட்டியது. வீடு கிடைத்தும் நோய் வந்தது. குடிசை மறுவாழ்வுக் கட்டடங்களில் பால்வாடிக்கு இடம் ஒதுக்க வேண்டும் என்று விதியே இருக்கிறது. அந்த அறை வரைபடத்தில் இருக்கிறதா, கட்டி முடித்தபின் பால்வாடியாகவே நடக்கிறதா, விளையாட்டுத் திடல் எத்தனை மீட்டர் தள்ளி இருக்கிறது என்பவை இப்போதே, சுவர் எழும்புமுன் கேட்க வேண்டியவை. தாராவிக்கு வெளியே அனுப்பப்படும் குடும்பங்களின் பிள்ளைகளுக்குப் புது இடத்தில் அங்கன்வாடியும் பள்ளியும் முதல் நாளே திறந்திருக்க வேண்டும்.

இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. அங்கன்வாடி மாநில அரசின் பெண்கள், குழந்தைகள் நலத் துறையிடம். தொடக்கப் பள்ளியும் தடுப்பூசியும் மாநகராட்சியிடம். நிலம் மறுசீரமைப்பு அமைப்பிடம். ஒரே குழந்தை மூன்று அலுவலகங்களின் கோப்புகளில் சிதறிக் கிடக்கிறது. ஒவ்வொரு மேசையும் அடுத்த மேசையைக் காட்டுகிறது. போதாக்குறைக்கு, 2022 மார்ச்சில் மாநகராட்சி மன்றத்தின் காலம் முடிந்தபின் மூன்று ஆண்டுகளுக்கு மேல் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினரே இல்லாமல் இந்த நகரம் நிர்வகிக்கப்பட்டது. வார்டுதோறும் குழந்தைகள் நிலையைப் பற்றி மூன்று துறைகளும் ஒரே மேசையில் அமர்ந்து மக்களுக்குப் பதில் சொல்லும் கூட்டம் ஆண்டுக்கு இருமுறையாவது நடக்க வேண்டும். இதை நாம் கோரிக்கையாக முன்வைப்போம்.

நம் சங்கங்களுக்கு ஒரு வேண்டுகோள்

அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்பது நம் பழமொழி. வாக்குரிமை இல்லாத பிள்ளையின் அழுகை சட்ட மன்றம்வரை போகாது. அதன் சார்பில் வாய் திறக்க வேண்டியது நாம். மும்பைத் தமிழ்ச் சங்கங்கள் ஆண்டுதோறும் நோட்டுப் புத்தகம் தருகின்றன, உதவித்தொகை தருகின்றன. அந்தக் கை ஓயக் கூடாது. அதோடு ஒவ்வொரு சங்கமும் குழந்தைகள் பொறுப்பாளர் ஒருவரை நியமிக்கட்டும். அவர் தம் பகுதியில் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளைக் கணக்கெடுக்கட்டும். 40 பேர் இருந்து அங்கன்வாடி இல்லையென்றால் மனு எழுதட்டும். தகவல் உரிமைச் சட்டத்தில் எடைப் பதிவேட்டையும் செலவுக் கணக்கையும் கேட்கட்டும். மராட்டி, உருது, இந்தி பேசும் அண்டை வீட்டுத் தாய்மார்களும் அந்த மனுவில் கையெழுத்திடட்டும். பசிக்குத் தாய்மொழி கிடையாது. வாக்குக் கேட்டு வருபவரிடம் முதல் கேள்வியாக முட்டையைக் கேளுங்கள்.

இந்த அறக்கட்டளையின் அடுத்த ஆண்டுச் சொற்பொழிவில், எத்தனை மனு கொடுத்தோம், எத்தனைக்குப் பதில் வந்தது, எத்தனை பால்வாடி திறந்தது என்ற கணக்கை இதே மேடையில் வாசிக்க வேண்டுமென்று நிர்வாகிகளைக் கேட்டுக்கொள்கிறேன். அந்தக் கணக்கைத் தயாரிக்கும் வேலையில் நானும் உங்களோடு இருப்பேன்.