நீலப் பெட்டியும் நேயர் புகாரும்



ஒரு தொலைக்காட்சித் தொடர் இரண்டு வருடம் ஓடினாலே, “கதை எப்பவோ முடிஞ்சுபோச்சு, சும்மா இழுக்கிறாங்க” என்று வீட்டுக் கூடத்தில் தீர்ப்பு வந்துவிடும். இன்றைக்கு நான் பேசப்போகிற தொடர் 1963இல் ஆரம்பித்தது. 1989இல் படுத்தது. 2005இல் எழுந்து மறுபடி நடந்தது. கெடுத்துவிட்டார்கள், முன்னே மாதிரி இல்லை என்று அதன் ரசிகர்கள் போடுகிற சண்டைக்கும் ஏறக்குறைய அதே வயசுதான். பிபிசியின் ‘டாக்டர் ஹூ’வைச் சொல்கிறேன்.

பார்க்காதவர்களுக்காகச் சுருக்கமாக: டாக்டர் என்று மட்டும் தன்னைச் சொல்லிக்கொள்கிற வேற்றுலகவாசி ஒருவர். லண்டன் தெருவோரங்களில் அந்தக் காலத்தில் நின்ற நீல நிறப் போலீஸ் பெட்டி ஒன்றில் ஏறி, காலம் விட்டுக் காலம் ஊர் சுற்றுகிறார். பெட்டிக்குப் பெயர் டார்டிஸ். வெளியே பார்த்தால் ஓர் ஆள் நிற்கிற இடம், உள்ளே போனால் பெரிய கூடம். உயிர் போகிற கட்டம் வந்தால் டாக்டர் சாவதில்லை, வேறு உடம்போடு, வேறு முகத்தோடு எழுந்துகொள்வார். கதாநாயகனை மாற்ற இதைவிட வசதியான வழியை நான் எந்த நாடகத்திலும் பார்த்ததில்லை.

தொடங்கியவர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. தயாரிப்பாளர் வெரிட்டி லாம்பர்ட்டுக்கு அப்போது வயது 27. ஆண்கள் ராஜ்யமாக இருந்த பிபிசி நாடகப் பிரிவில் அவர்தான் ஒரே பெண் தயாரிப்பாளர். முதல் கதையை இயக்கிய வாரிஸ் ஹுசைன் நம் லக்னோவில் பிறந்தவர், வயது 24. முதல் அத்தியாயம் ஒளிபரப்பானது 1963 நவம்பர் 23, சனிக்கிழமை மாலை. முந்தின நாள்தான் அமெரிக்காவில் கென்னடியைச் சுட்டிருந்தார்கள். யார் கவனம் இதில் இருக்கும்? அடுத்த வாரம் முதல் அத்தியாயத்தை இன்னொரு தரம் போட்டுவிட்டுத்தான் இரண்டாவதைப் போட்டார்கள்.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்றுகொள்கிறேன். நான் வானொலிக்காரன், எனக்குப் படத்துக்கு முன்னால் சத்தம்தான். இந்தத் தொடரில் என்னைப் பிடித்து இழுத்தது அதன் முகப்பிசை. முடிந்தால் தேடிக் கேளுங்கள், பழையதைக் கேளுங்கள்.

மெட்டு ரான் கிரெய்னருடையது. அவர் கொடுத்தது தாளில் எழுதிய இசைக்குறிப்பு, அவ்வளவுதான். அதைச் சத்தமாக்கியவர் டீலியா டெர்பிஷயர். கேம்பிரிட்ஜில் கணிதமும் இசையும் படித்துவிட்டு, பிபிசியின் ரேடியோஃபோனிக் வொர்க்‌ஷாப்பில் வேலைக்கு இருந்தவர். சின்தசைசர் கடையில் கிடைக்காத காலம். ஒற்றைத் தந்தியை மீட்டி அந்த ஒலியை டேப்பில் பதிந்தார். அதை வேகமாக ஓட்டி மேல் சுருதி, மெதுவாக ஓட்டிக் கீழ் சுருதி. மேலே மிதக்கிற ராகத்துக்கு, பொறியாளர்கள் கருவிகளைச் சோதிக்க வைத்திருந்த ஆசிலேட்டர். ஒவ்வொரு சுரத்தையும் அதற்கு வேண்டிய நீளத்துக்கு பிளேடால் வெட்டி, ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டினார். அடியில் குதிரை ஓடுவது போல ஒரு தாளம் போகிறதே, அதில் ஒவ்வொரு அடியும் ஒரு துண்டு டேப். உதவிக்கு இருந்தவர் டிக் மில்ஸ். எல்லா டேப்பையும் சேர்த்து ஓட்டியபோது எங்கேயோ ஒரு சுரம் தப்பாக விழுந்ததாம். நீள நடைபாதையில் டேப்புகளைப் பக்கம் பக்கமாக விரித்துப்போட்டு, எந்த ஒட்டு இடம் மாறி நிற்கிறது என்று நடந்து பார்த்துக் கண்டுபிடித்தார்களாம்.

டேப் வெட்டியவர்களுக்குத்தான் இது எப்பேர்ப்பட்ட வேலை என்று தெரியும். நானும் வெட்டியிருக்கிறேன். இரண்டு ஸ்பூலையும் கையால் முன்னும் பின்னும் உருட்டினால், பேசினவர் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல உறுமும். சொல் தொடங்குகிற இடத்தில் மெழுகுப் பென்சிலால் கோடு போட்டு, அலுமினியப் பள்ளத்தில் கிடத்தி, சாய்வாக ஒரே இழுப்பு. நேராக வெட்டினால் ஒட்டின இடம் ‘டிக்’கென்று காட்டிக்கொடுக்கும். ஒரு விநாடிக்கு ஏழரை அங்குல டேப். எங்களைப் பிடித்த ஏழரை அதுதான் என்று நிலையத்தில் சொல்லிச் சிரிப்போம். பேட்டி கொடுத்தவரின் ஒரு இருமலை எடுக்கவே நேரம் பறந்துவிடும். அந்த அம்மையார் ஒரு பாட்டையே இப்படிக் கட்டியிருக்கிறார்.

டார்டிஸ் கிளம்பும்போது மூச்சிரைப்பது போல ஒரு சத்தம் வருமே, அது பிரையன் ஹாட்ஜ்சனின் கைவேலை. சட்டம் கழற்றிய பழைய பியானோவின் கம்பிகள் மேல் அம்மா வீட்டுச் சாவியை வைத்துத் தேய்த்திருக்கிறார். கிரெய்னர், முகப்பிசைக்கு வருகிற பணத்திலும் பெயரிலும் டீலியாவுக்குப் பங்கு கொடுக்க நினைத்தார். பிபிசியின் விதி இடம் தரவில்லை. திரையில் டீலியாவின் பெயர் வந்தது 2013இல், ஐம்பதாம் ஆண்டுச் சிறப்பு அத்தியாயத்தில். அவர் இறந்தது 2001இல்.

1980இல் அந்த இசையை மாற்றினார்கள். பீட்டர் ஹோவெல் சின்தசைசரில் புதிதாகச் செய்தார். தாய்ப்பால் குடித்த நாளிலிருந்து கேட்டதை எடுத்துவிட்டார்கள் என்று ஒரு கூட்டம் கொதித்தது. இன்றைக்கு அந்த 1980 இசைக்கு உருகுகிற கூட்டம் ஒன்று தனியாக இருக்கிறது. என் ஓட்டு டீலியாவுக்கு. இதில் நடுநிலை வகிக்க எனக்கு விருப்பமில்லை.

சரி, சண்டைக்கு வருவோம். 1966இலேயே முதல் கதாநாயகன் வில்லியம் ஹார்ட்னெல் போய் பேட்ரிக் டிரவுட்டன் வந்தார். புது டாக்டர் கோமாளித்தனம் பண்ணுகிறார் என்று அப்போதே முணுமுணுத்தார்கள். எங்கள் நிலையத்திலும் இதே கூத்து உண்டு: அங்கே ஓடிய ஒரு குடும்ப நாடகத்தில் மாமியாராகப் பேசிய அம்மா உடம்பு முடியாமல் நின்றுகொண்டதும், வேறு ஒருவரைப் பேச வைத்தோம். மறுவாரம் தபால் அட்டைகள் குவிந்தன. “இந்த மாமியாருக்கு அதட்டத் தெரியவில்லை” என்று ஒருவர். “பழைய அம்மாவுக்கு என்ன ஆயிற்று, மாத்திரை வாங்க வழி இல்லையா, நான் அனுப்பட்டுமா” என்று இன்னொருவர். ஆறு மாதம் கழித்து இந்த இரண்டாவது அம்மாவும் லீவு கேட்டார். அவ்வளவுதான், அவருக்காக வேறு அட்டைகள். அதட்டத் தெரியாதவர் என்று எழுதின அதே கையெழுத்தும் அதில் இருந்தது.

1976இல் ‘தி டெட்லி அசாசின்’ என்று ஒரு கதை. டாக்டரின் சொந்த உலகம் அதில்தான் விரிவாக வந்தது. அதுவரை மர்மமாக, தேவர்கள் போல இருந்த அந்த இனத்தாரைப் பதவிச் சண்டை போடுகிற கிழவர்களாகக் காட்டிவிட்டார் எழுத்தாளர் ராபர்ட் ஹோம்ஸ். ரசிகர் சங்கத் தலைவரே தொடரின் மாயம் போய்விட்டது என்று காரசாரமாக எழுதினார். இன்று அதே கதை சிறந்தவற்றின் பட்டியலில் இருக்கிறது. பிற்பாடு வந்தவர்கள் கட்டியதெல்லாம் அதன்மேல்தான்.

நேயர்களே, இதை வைத்து, ரசிகர் புகார் எல்லாம் வெறும் பழமைப் பித்து என்று நான் சொல்லப்போவதாக நினைத்துவிடாதீர்கள். 1984 மார்ச்சைப் பாருங்கள். 16ஆம் தேதி முடிந்த கதை ‘தி கேவ்ஸ் ஆஃப் ஆண்ட்ரோசானி’. 22ஆம் தேதி தொடங்கிய அடுத்த கதை ‘தி ட்வின் டிலெம்மா’. 2009இல் ‘டாக்டர் ஹூ மேகசின்’ அதுவரை வந்த 200 கதைகளுக்கும் வாசகர் வாக்கெடுப்பு நடத்தியது. முன்னது முதல் இடம், பின்னது 200ஆவது இடம்! ஒரே தயாரிப்பாளர், ஒரே அலுவலகம், இடையில் ஒரு வாரம். சரிவு என்றால் மலைச்சரிவு மாதிரி கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும் என்று நினைக்கிறோம். இங்கே மாடியிலிருந்து நேரே கீழே விழுந்திருக்கிறது. அந்தப் புகாரில் நியாயம் இருக்கத்தான் செய்கிறது.

1985இல் பிபிசி ஒன் அலைவரிசையின் பொறுப்பிலிருந்த மைக்கேல் கிரேட் தொடரைப் பதினெட்டு மாதம் நிறுத்தி வைத்தார். 1986இல் திரும்பி வந்தும் எடுபடவில்லை. அந்தச் சமயம் ‘ஓப்பன் ஏர்’ என்ற பிபிசி நிகழ்ச்சியில், எழுத்தாளர் தம்பதி பிப் பேக்கர், ஜேன் பேக்கர் இருவரும் உட்கார்ந்திருக்க, பதினாறு வயசுப் பையன் ஒருவன், இது தேய்ந்த கதை, இதில் புதுசு என்ன இருக்கிறது என்று கேட்டான். பெயர் கிறிஸ் சிப்னல். 2018இல் தொடரின் தலைமைப் பொறுப்பு அதே சிப்னல் கைக்கு வந்தது. முதல் பெண் டாக்டராக ஜோடி விட்டாக்கரை நடிக்க வைத்தார். ஹார்ட்னெல்லுக்கு முன்னாலேயே பல டாக்டர்கள் இருந்தார்கள் என்று 2020இல் கதையை மாற்றினார். சிப்னல் கெடுத்துவிட்டார் என்று உலகம் முழுக்கக் கூக்குரல். அவர் அதைக் கேட்டு மனசுக்குள் சிரித்திருப்பாரா என்று எனக்கு ஒரு சந்தேகம்.

எனக்கு மிகவும் பிடித்த விஷயத்துக்கு இப்போது வருகிறேன், நேரம் ஓடுகிறது. அறுபதுகளில் பதிவான அத்தியாயங்களில் பலவற்றைப் பிபிசி அழித்துவிட்டது. வீடியோ டேப் விலை அதிகம், துடைத்து மறுபடி பயன்படுத்தலாம். வண்ணத் தொலைக்காட்சி வந்த பிறகு கறுப்பு வெள்ளையை யார் சீண்டுவார்கள் என்ற எண்ணம். இப்படி 90க்கும் மேற்பட்ட அத்தியாயங்களுக்குப் படம் இல்லை. ஆனால் ஒலி இருக்கிறது, ஒன்றுவிடாமல் எல்லாவற்றுக்கும்! வீடுகளில் டேப் ரெக்கார்டர் வைத்திருந்த பையன்கள் காப்பாற்றியது அது. பெட்டியின் ஸ்பீக்கர் முன்னால் மைக்கை நிறுத்தி, வீட்டில் யாரும் வாய் திறக்கக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டு பதிந்தவர்கள் உண்டு. இன்னும் கெட்டிக்காரர்கள் பெட்டிக்குள்ளேயே ஒயரைக் கொடுத்து எடுத்தார்கள். டிரவுட்டனின் முதல் கதை ‘தி பவர் ஆஃப் தி டாலெக்ஸ்’ ஆறு அத்தியாயமும் காணாமல் போனது. அந்த வீட்டுப் பதிவை வைத்து 2016இல் அசைபடமாக வரைந்து வெளியிட்டார்கள். ஒரு நிறுவனம் துடைத்துப்போட்டதைக் காதால் காப்பாற்றிய இந்த ரசிகர் கூட்டம்தான் பின்னால் குறை சொல்லிக் கட்டுரை எழுதியதும். வெறுப்பிருப்பவன் சனிக்கிழமை தவறாமல் மைக்கைத் தூக்கிக்கொண்டு உட்காருவானா?

காணாமல் போனவை திரும்பி வந்த கதை இன்னும் வேடிக்கை. ‘தி டூம் ஆஃப் தி சைபர்மென்’ போல ஒன்று வராது என்று பெரியவர்கள் சொல்லிச் சொல்லி அது காவியமாகிவிட்டது. 1992இல் ஹாங்காங்கிலிருந்து பிரதி கிடைத்தது. பார்த்தவர்களில் பலருக்கு முகம் சுருங்கியது. மாறாக ‘தி எனிமி ஆஃப் தி வேர்ல்ட்’. ஆறில் ஒரே அத்தியாயம்தான் மிஞ்சியிருந்தது, அதைப் பார்த்துவிட்டு மந்தமான கதை என்று ஒதுக்கிவிட்டார்கள். மீதி 2013இல் நைஜீரியாவின் ஜோஸ் நகரத்தில் கிடைத்தது. டிரவுட்டன் அதில் இரட்டை வேடம். நமக்கென்ன, இரட்டை வேடம் என்றால் முன்வரிசையில் உட்கார்ந்துவிடுவோம். அங்கேயும் அப்படித்தான், கதையின் மதிப்பு மளமளவென்று ஏறியது.

புகார் சரியா தப்பா என்று என்னைக் கேட்டால், ரசிகரின் பேச்சைக் கேட்டு அவருக்காகவே எழுதத் தொடங்கும்போதுதான் இந்தத் தொடர் சறுக்கியிருக்கிறது. 1985இல் வந்த ‘அட்டாக் ஆஃப் தி சைபர்மென்’ அறுபதுகளின் கதைகள் தெரியாதவனுக்குப் பாதி விளங்காது. 2025 மே மாதம் முடிந்த பருவத்தின் கடைசியில் 1985இன் வில்லி ராணியும் 1973இன் வில்லன் ஒமேகாவும் திரும்பி வந்தார்கள். முதல் தடவை பார்க்க உட்கார்ந்த பிள்ளைக்கு அவர்கள் யார், எவர்? 2005இல் ரஸ்ஸல் டி டேவிஸ் ‘ரோஸ்’ என்ற அத்தியாயத்தைக் கடையில் வேலை பார்க்கிற ஒரு பெண்ணிலிருந்து தொடங்கினார். பழசு எதுவும் தெரியாமல் ஒரு கோடிப் பேர் பார்த்தார்கள். 2025 பருவமும் அதே டேவிஸ் எழுதியதுதான், அதனால்தான் எனக்கு வருத்தம் கூடுதல்.

தொடர் நின்ற பதினைந்து வருடத்தில் ரசிகர்கள் நாவலாகவும் ஒலிநாடகமாகவும் அதை உயிரோடு வைத்திருந்த கதையைச் சொல்லக் குறிப்பு வைத்திருந்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கடிகாரத்தைக் காட்டுகிறார்கள். 2025 அக்டோபரில், இந்தத் தொடருக்காக டிஸ்னியோடு இருந்த கூட்டு முடிந்தது என்றும், 2026 கிறிஸ்துமஸுக்கு டேவிஸ் ஒரு சிறப்பு அத்தியாயம் எழுதுகிறார் என்றும் பிபிசி அறிவித்தது. அது இருக்கட்டும். எனக்கு ஆசை வேறு. அந்தக் காலத்தில் பிரதிகள் போன நாடுகள் பல. எங்கேயோ ஒரு நிலையத்தின் அலமாரியில் இன்னும் ஒரு பழைய படச்சுருள் துரு ஏறின டப்பாவில் இருக்கும், கிடைக்கும் என்று நம்புகிறேன். கிடைத்த மறுநாளே யாராவது ஒருவர், “இதற்கா இத்தனை வருஷம் காத்திருந்தோம்?” என்று எழுதுவார். அவருக்கு இப்போதே என் வணக்கம், உங்களுக்கும் சேர்த்து.