வாய்க்காலைக் காப்பது யார் வேலை?

(பாகூர், வில்லியனூர் கொம்யூன்களின் விவசாயத் தொழிலாளரும் ஆலைத் தொழிலாளரும் கூடிய கூட்டத்தில் பேசியது)



கூலி உயர்வைப் பற்றிப் பேசவேண்டிய மேடையில் வாய்க்காலைப் பற்றி என்ன பேச்சு என்று சிலர் நினைக்கலாம். நடவு நின்றால் கூலி ஏது? குடிநீர் கெட்டு வீட்டில் ஒருவர் படுத்துவிட்டால், ஆலையில் வாங்கிய சம்பளம் ஆஸ்பத்திரிக்கே போய்விடும். ஆகவே இது நமது வயிற்றுப் பிரச்னைதான்.

புதுச்சேரிப் பகுதியில் 84 ஏரிகள் உண்டு. தென்பெண்ணையில் சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பங்காரு வாய்க்கால் வழியே வரும் நீர் பாகூர் ஏரிக்குச் சேருகிறது. சங்கராபரணி நீர் சுத்துக்கேணி வாய்க்கால் வழியே ஊசுட்டேரிக்குப் போகிறது. வாய்க்கால் அடைத்துக்கொண்டால், ஆற்றில் வெள்ளம் புரண்டாலும் ஏரிக்கு நீர் வராது.

ஏரி நிறைந்தால் ஊர்க் கிணறு ஊறும். வறண்டால், பணமுள்ளவன் ஆழ்குழாயை இன்னும் ஆழமாக இறக்குவான். ஏழையின் கைப்பம்புதான் முதலில் நிற்கும். கடலோரப் பக்கத்தில் அளவு மீறி இறைத்ததால் உப்பு நீர் உள்ளே ஏறுகிறது. உப்பேறிய கிணறு ஒரு மழையில் திருந்தாது.

வாய்க்காலைக் கெடுப்பது எது? வீட்டுச் சாக்கடையும், வயலில் மிதமிஞ்சிக் கொட்டிய உரமும் நீரில் கலக்கின்றன. அந்தச் சத்தைத் தின்று ஆகாயத்தாமரை பெருகுகிறது. கரையில் நெய்வேலிக் காட்டாமணக்கு மண்டுகிறது. நீரோட்டம் தேங்குகிறது. செடி அழுகும்போது நீரிலுள்ள பிராணவாயு குறைந்து மீன் சாகிறது; கொசு பெருகுகிறது. இவற்றோடு தொழிற்சாலைக் கழிவும் சேர்ந்தால் கேட்க வேண்டியதில்லை.

பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் ஏரிகளைக் கவனிக்க விவசாய சிந்திக்காக்கள் இருந்தன. மதகும் வாய்க்காலும் ஒழுங்காக இருந்தன என்பது உண்மை. ஆனால் அவை நிலமுடையோரின் சங்கங்கள். மண் வெட்டியவனுக்கு அங்கே குரல் இல்லை. 1999-ல் ஐரோப்பிய யூனியன் உதவியுடன் ஏரிப் புனரமைப்புத் திட்டம் தொடங்கி, ஊர்தோறும் ஏரிச் சங்கங்கள் அமைந்தன. திட்டங்கள் வரும், முடியும். ஊரார் கண் வைத்திருந்தால்தான் கரை நிற்கும்.

நாம் செய்ய வேண்டியவை நான்கு.

முதலாவது: தெருவுக்கு இருவராகக் கமிட்டி அமைப்போம். நிலமற்றவரும் பெண்களும் அதில் கட்டாயம் இருக்கவேண்டும். குடம் சுமக்கிறவளுக்குத்தான் நீரின் நிறமும் நாற்றமும் முதலில் தெரியும். மழைக்கு முன் வாய்க்காலைத் தலையிலிருந்து கடை வரை நடந்து பார்த்து, அடைப்பையும் ஆக்கிரமிப்பையும் எழுதி வைப்போம்.

இரண்டாவது: குப்பையையும் செத்த பிராணிகளையும் வாய்க்காலில் போடுவதில்லை என்று நாமே முடிவு செய்வோம். பூச்சி மருந்து டப்பாவை வாய்க்காலில் கழுவக் கூடாது. கழுவிய நீரைத் தெளிப்பானிலேயே ஊற்றி வயலில் அடித்துவிடலாம்.

மூன்றாவது: கழிவு விடுவதைக் கண்டால் நாளையும் நேரத்தையும் குறித்து, அன்றே மாசுக் கட்டுப்பாட்டுக் குழுமத்துக்குத் தெரிவிப்போம். 1974-ஆம் ஆண்டு நீர்மாசுத் தடுப்புச் சட்டப்படி, அதிகாரி முறைப்படி எடுத்த மாதிரிதான் கோர்ட்டில் சாட்சியாகும். நாம் பாட்டிலில் பிடித்தது ஆகாது. ஆகவே கழிவு ஓடிக்கொண்டிருக்கும்போதே அதிகாரியை வரவழைப்பதுதான் காரியம்.

நான்காவது: தூர் வாரும் வேலைக்குக் கூலி கேட்போம். குடிமராமத்து என்ற பேரில் சேரிக்காரனிடம் வெட்டி வேலை வாங்கிய காலம் இனி வேண்டாம். சர்க்கார் வேலையாக, கூலியோடு நடக்கட்டும். கூலி வாங்காமல் செய்வதென்றால் நிலமுள்ளவரும் மண்வெட்டி எடுக்கட்டும்!

நீர் பொது என்றால் எல்லோருக்கும் பொது. 1927 மார்ச் 20-ல் மகத் ஊரில் அம்பேத்கர் ஆயிரக்கணக்கானவர்களோடு சவுதார் குளத்தில் நீர் அள்ளிக் குடித்தார். ஊர்த் தெருக் குழாய்க்கு ஒரு நியாயம், சேரிக் குழாய்க்கு ஒரு நியாயம் என்றிருக்கும் வரை எந்தக் கமிட்டியும் ஒன்றுபட்டு நிற்காது.

ஒருவன் எழுதும் மனு மேஜையில் தூங்கும். ஊரே கையெழுத்திட்ட மகஜர் தூங்காது. 1936 ஜூலை 30-ல் சவானா ஆலைத் தொழிலாளர் பன்னிருவர் துப்பாக்கிச் சூட்டில் உயிர் கொடுத்தனர். 1937-ல் எட்டு மணி நேர வேலை சட்டமாயிற்று. சங்கமாக நின்றதால் கிடைத்த உரிமை அது. ஆலையில் கற்ற அந்தப் பாடத்தை வாய்க்கால் கரைக்கும் கொண்டுபோவோம்.

வரும் ஞாயிறு காலை முதல் நடையைத் தொடங்குவோம், வாருங்கள்!